கை படாத அறை

தாயில்பட்டி ஆலையில் மருந்து அறைக்குள் இனி ஆள் போக வேண்டியதில்லை என்று கதவைப் பூட்டிய அன்று, அழகுமீனா கல்யாண வீட்டுக்காரி மாதிரி வந்தவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவையைத்தான் அந்தப் பக்கத்தில் மருந்து என்பார்கள். அதுவரை பெண்கள் அந்த அறைகளில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் அள்ளி, புஸ்வாணக் குழாய்களில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரு இயந்திரக் கை அளந்து போட்டது, இன்னொரு கை அழுத்தியது. சுவரில் பதித்த சென்சார்கள் காற்றின் ஈரத்தையும் சூட்டையும் கவனித்துக்கொண்டே இருந்தன. வெடித்தால் தடுக்கக் கட்டிய மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், ஏசி போட்ட கண்ட்ரோல் ரூமில் இரண்டு பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி தங்கப்பாண்டியன் சென்னையிலிருந்து வந்திருந்த முதலீட்டாளர்களைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"மருந்து அறைக்குள்ள ஒரு மனுச உசுரு கிடையாது பாருங்க. அடுத்து அச்சங்குளத்துல ரெண்டாவது ஆலை. அஸ்திவாரத்துல இருந்தே இந்த மாதிரிதான். அதுக்கப்புறம் நாங்க பட்டாசு மட்டும் விக்கப் போறதில்ல. இந்த மெஷின் வரிசையையே மத்த கம்பெனிகளுக்குச் செஞ்சு குடுப்போம். பத்து வருசத்துல இந்த வட்டாரத்துல ஒரு அறையிலயும் கையால மருந்து அள்ள மாட்டாங்க."

அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அழகுமீனா எழுதிக் கொடுத்ததுதான். அவள் ஆமத்தூர்க்காரி. பருத்தியும் மக்காச்சோளமும் போடும் குடும்பம். அவள் வளர்ந்த வீட்டில், தூரத்தில் எங்கேயாவது 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பாள். பிறகு யார் வீட்டில் அழுகை கேட்கப் போகிறதோ என்று தெருவே காத்திருக்கும். கோயம்புத்தூரில் படித்து, ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் ரோபோ வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளைத் தங்கப்பாண்டியன் தேடி வந்து கூப்பிட்டபோது, சம்பளம் குறைவென்று தெரிந்தும் அவள் வந்தாள். மருந்துக்குப் பக்கத்தில் மனிதர்கள் இருக்கக் கூடாது. அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

மருந்து அறைப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் வேலுத்தாய். நாற்பதைத் தாண்டியவள். புருஷன் சீனிச்சாமி திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவான். மகள் ஓவியா சிவகாசியில் பி.காம் படித்தாள். கடைசி நாள் வேலை முடிந்ததும் வேலுத்தாய் கண்ட்ரோல் ரூம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் வேலை பாக்குது மேடம். அதுக்கு இடுப்பு வலிக்காதுல்ல" என்றாள்.

"உங்களுக்கும் இனிமே வலிக்காதுக்கா. பேக்கிங்ல உக்காந்து பாக்குற வேலை. மருந்து வாசமே வராது" என்றாள் அழகுமீனா.

அதை அவள் நம்பித்தான் சொன்னாள். ஆனால் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பேக்கிங்குக்கும் மெஷின் வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்தது. மருந்து அறையிலிருந்து மாறி வந்த பெண்களிடம் போர்மேன், "சீசன் கூடுனதும் சொல்லி அனுப்புறோம்" என்றான். அவர்கள் குடியிருந்த தெருவுக்கு ஆலையின் வேன் போவது நின்றது. அழகுமீனா அப்போது அச்சங்குளத்து நிலத்தில் எஞ்சினியர்களோடு நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்து விசாரித்தபோது, "சும்மா ரெண்டு மாசத்துக்குத்தான்" என்றார்கள்.

ஆடி பிறந்தது. காற்று வறண்டு சுழற்றியடித்தது. காற்றில் ஈரம் குறைந்தால் உராய்வில் மின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். அதனால் ஈரம் குறைந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும்படி அழகுமீனா செய்திருந்தாள். அது சொன்னபடி நின்றது. காலையில் ஓடும், வெயில் ஏறினால் நிற்கும். சில நாட்கள் ஓடவே ஓடாது. கண்ட்ரோல் ரூம்காரர்கள் தலையில் கைவைத்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். பெண்கள் உட்கார்ந்திருந்த காலத்தில் எந்த ஆடிக் காற்றுக்கும் வேலை நின்றதில்லை.

தீபாவளி ஆர்டர்கள் மட்டும் எப்படியோ குறையாமல் லோடு ஏறிக்கொண்டிருந்தன. பழைய சரக்கு இருக்கும் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் வெம்பக்கோட்டை விலக்கில் பஸ்ஸுக்காக நின்றிருந்த வேலுத்தாயைப் பார்த்து அழகுமீனா காரை நிறுத்தினாள். வேலுத்தாய் தயங்கித் தயங்கி ஏறினாள். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். ஓவியாவைப் பற்றிக் கேட்டதற்கு நல்லா இருக்கு என்றாள். வேலைக்குப் போறீங்களா என்றதற்கு, "அங்கன இங்கன காட்டு வேலை மேடம்" என்றாள். தெரு முனையில் அவசரமாக இறங்கும்போது கதவைப் பிடித்த விரல்களை அழகுமீனா பார்த்தாள். நகக்கண் எல்லாம் வெள்ளி. கார்க் கதவில் நாலு விரலும் வெள்ளியாகப் பதிந்திருந்தது.

களை பறித்தால் கையில் அலுமினியம் ஒட்டாது.

மறுநாள் காலை அழகுமீனா அந்தத் தெருவுக்குச் சற்று முன்னாலேயே காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஒரு மினி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டது. அதன் பின்னால் போனாள். ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டி, சீமைக்கருவேலங் காட்டுக்குள் தகரம் போட்ட ஒரு கொட்டகை. ஒரு காலத்தில் ஆட்டுக் கொட்டகையாக இருந்திருக்க வேண்டும். ஒரே வாசல். ஜன்னல் இல்லை. லைசென்ஸ் உள்ள ஆலையில் ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இங்கே பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் தொட்டிகளில் மருந்து. வெளியே வெயிலில் அடுக்கியிருந்த குழாய்களில் ஒட்டியிருந்த லேபிளை அழகுமீனா குனிந்து பார்த்தாள். அவள் கம்பெனியின் லேபிள்.

கொட்டகையை நடத்தியவன் சங்கிலிமுத்து. போன வருஷம் வரை ஆலையில் போர்மேனாக இருந்தவன்தான். அவளைப் பார்த்ததும் பதறவில்லை.

"வாங்க மேடம். முதலாளி அனுப்புனாகளா?" என்றான்.

அவள் திரும்பி நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். தங்கப்பாண்டியன் அச்சங்குளத்து வரைபடத்தை மேஜையில் விரித்துவைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கருவேலங்காட்டுல நம்ம சரக்கு ஓடுது சார்" என்றாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "கதவைச் சாத்திட்டு வாம்மா."

சாத்தினாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் களைத்துப்போன குரலில் பேசினார்.

"உன் மெஷின் காத்தடிச்சா நின்னுருது. ஆர்டர் நிக்குமா? தீபாவளி நிக்குமா? நீயே சொல்லு. டெல்லிக்காரனுக்கும் பாட்னாக்காரனுக்கும் நான் என்ன பதில் சொல்ல, ஈரப்பதம் பத்தலைன்னா?"

"அப்ப பழைய அறைகளைத் திறங்க சார். லைசென்ஸ் இருக்கு. ரப்பர் விரிப்பு இருக்கு, மண்மேடு இருக்கு. அந்தப் பொம்பளைகளை உள்ள எடுங்க. அறைக்கு நாலு பேரா உக்காந்து செய்யட்டும்."

"எப்படித் திறக்க? உள்ள ஆளே இல்லைன்னு காமிச்சுத்தானே சென்னைக்காரங்களை உக்கார வெச்சிருக்கேன். ஆவணியில திரும்ப வாராங்க. வந்து பாக்கையில அறைக்கு நாலு பொம்பள உக்காந்திருந்தா, அச்சங்குளம் போச்சு. மெஷின் விக்கிறது போச்சு. அம்புட்டும் போச்சு."

"அந்தக் கொட்டகையில ஒரு பொறி விழுந்தா?"

"விழாது. சங்கிலிமுத்து இருவது வருசமா பாக்குறவன்." வரைபடத்தைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு சீசன்மா. அச்சங்குளம் எந்திரிச்சுட்டா ஈரமும் நாமளே உண்டாக்கிக்கலாம்னு நீதானே சொன்ன. அதுக்கப்புறம் காடும் வேணாம் கொட்டகையும் வேணாம். ஒரு சீசன் பொறுத்துக்கோ."

அவள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். மெஷினைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னாள். முதலீட்டாளர்களிடம் உண்மையைச் சொல்லலாம் என்றாள். தானே போய்ச் சொல்கிறேன் என்றாள். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "நீ எஞ்சினியர். மெஷினைப் பாரு" என்றார்.

அன்று மத்தியானமே அவள் மறுபடி கருவேலங்காட்டுக்குப் போனாள். சங்கிலிமுத்து சாப்பிடப் போயிருந்தான். பெண்கள் மர நிழலில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் நடுவில் மண்ணில் உட்கார்ந்து, இங்கே வர வேண்டாம், ஆபத்து, வேறு கம்பெனிகளில் தானே பேசி வேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்னாள். யாரும் முகம் கொடுக்கவில்லை.

வேலுத்தாய் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள்.

"மேடம், மெஷின் வெச்சப்ப உங்களைக் காப்பாத்துறோம்னு சொன்னீக. காப்பாத்தி எங்கன கொண்டாந்து விட்டிருக்கீகன்னு பாருங்க."

வேலுத்தாய் தூக்குவாளியை மூடி வைத்தாள்.

"வேற கம்பெனியிலயும் மெஷின் வருதாம், ஆள் எடுக்கலையாம். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இங்கன வந்தோம். எங்களுக்கும் உசுரு வெல்லம்தான் மேடம். ஆனா பொளப்பு வேணும்ல."

திரும்பி வரும் வழியில் அவள் காரை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதிகாரிகளுக்குச் சொல்லலாம். சொன்னால் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற பெண்களைத்தான் முதலில் போலீஸ் வேனில் ஏற்றுவார்கள். முதலாளியின் பெயர் வருவதற்குள் தீபாவளி முடிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் நாளைக்கே ஆடிக் காற்று இருக்கிறது. அந்த ஒரே வாசல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கடைசியில் அவள் ஒரு பொய் சொன்னாள். சங்கிலிமுத்துவுக்குப் போன் பண்ணி, "நாளைக்கு ரெய்டு வருது. ஆபீஸ்ல காதுல விழுந்துச்சு. உடனே காலி பண்ணிருங்க" என்றாள்.

அது பலித்தது. பொழுது சாய்வதற்குள் கொட்டகை காலி. மறுநாள் போய்ப் பார்த்தபோது தகரத்தின் அடியில் வெறும் தரைதான் இருந்தது, அங்கங்கே வெள்ளி மினுங்கியது. அவள் அந்த வாசலில் நின்று வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள். பெண்களுக்கு ஏதாவது வழி பண்ண வேண்டும் என்று அன்றே சாத்தூரில் தெரிந்த தீப்பெட்டி ஆலைகளிலும் சிவகாசி அச்சகங்களிலும் ஏறி இறங்கினாள். பார்க்கலாம் என்றார்கள். சீசன் முடியட்டும் என்றார்கள்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சங்கிலிமுத்துவின் மினி வேன் பெண்களின் தெருவுக்கு இப்போதும் வருகிறது, ஆனால் யாரையும் ஏற்றுவதில்லை, எதையோ இறக்கிவிட்டுப் போகிறது என்று கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் ஒருத்தன் பேச்சுவாக்கில் சொன்னான். அவனுக்கு அந்தத் தெருதான்.

அழகுமீனா போட்டது போட்டபடி ஓடினாள்.

வேலுத்தாய் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் ஓவியாதான் திறந்தாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள். முகத்தில் வெள்ளிப் பொடி. ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட தொட்டிகள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் பாதி அடைத்த குழாய்கள். அந்தப் பக்கம் கேஸ் அடுப்பு, அதன்மேல் சோற்றுப் பானை. சாமி படத்துக்கு விளக்கேற்றும் இடம் சுவரோரம். வேலுத்தாய் எழுந்துகூட வரவில்லை, கை ஓடிக்கொண்டே இருந்தது.

"ரெய்டு வரும்னு யாரோ சொன்னாகளாம்" என்றாள். "கொட்டகையில இருந்தா மாட்டிக்குவோம்னு வீட்டு வீட்டுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டான். இந்தத் தெருவுல இனி எல்லா வீட்டுலயும் மருந்துதான். காடாவது ஊருக்கு வெளிய இருந்துச்சு."

அழகுமீனா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு குழந்தைகள் ஓடின. அடுத்த வீட்டிலிருந்து தாளிக்கும் வாசம் வந்தது.

"அக்கா, நான்தான் சொன்னேன். ரெய்டு வரல. பொய். உங்களை அங்க இருந்து கிளப்பணும்னு சொன்னேன்."

வேலுத்தாயின் கை அப்போதுதான் நின்றது. அழகுமீனாவை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தவளிடம், "போங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். "நீங்க நல்லது நினைக்க நினைக்க எங்களுக்கு இடம் சுருங்கிக்கிட்டே வருது. போயிருங்க."

"இதை மட்டும் வெளிய எடுத்துருவோம்கா. ஓவியாவையாவது தொட விடாதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கேன்."

"அம்மாவுக்குத் தோள்பட்டை வலி மேடம். காலேஜ் விட்டு வந்து கொஞ்ச நேரம்தான்" என்றாள் ஓவியா, அழகுமீனாவைச் சமாதானம் பண்ணுகிறவள் போல.

அதன் பிறகு வந்த நாட்களில் அழகுமீனா கிறுக்குப் பிடித்தவள் மாதிரி அலைந்தாள். முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் பார்க்கவில்லை. சங்கிலிமுத்துவிடம் கெஞ்சினாள். அவன், "முதலாளிகிட்டப் பேசுங்க மேடம், நான் கூலிக்காரன்" என்றான். ஒரு நாள் மெஷின் காற்றுக்கு நிற்காதபடி அளவைத் தளர்த்திவிடலாமா என்றுகூட யோசித்தாள். மெஷின் நிறைய ஓடினால் தெருவுக்குப் போகும் வேலை குறையுமே. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அந்த எண்ணை மாற்றவும் போனாள். பிறகு, பக்கத்து அறைக்குக் குழாய் அடுக்க வரும் ஆட்கள் நினைவுக்கு வந்து கையை எடுத்துவிட்டாள். ஆமத்தூரில் அம்மா வெள்ளைத்தாய் போனில், "ஏன்டி குரலே சரியில்ல, சாப்பிட்டியா?" என்று கேட்டபோது, சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

முதலீட்டாளர்கள் வர இருந்த வாரம் அது. கண்ட்ரோல் ரூமில் காலையில் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வேலுத்தாய்.

"மேடம், பிள்ளைக்குக் கையில தீப்பிடிச்சிருச்சு. கார் கொண்டு வாங்க. கார் கொண்டு வாங்க மேடம்."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடக் கூடாதுன்னு சங்கிலிமுத்து சொல்லிட்டான். கேஸ் ஆயிருமாம்."

அழகுமீனா அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது சங்கிலிமுத்துவும் அவன் ஆட்களும் வீடு வீடாகத் தொட்டிகளைத் தூக்கி மினி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலுத்தாய் வீட்டு வாசலில் ஓவியாவை ஈர வேட்டியில் சுற்றி மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்று காலேஜ் லீவு. குழாயில் மருந்தை அழுத்தும்போது பற்றியிருக்கிறது. தொட்டிகள் கட்டிலுக்கு அடியில் மூடியோடு இருந்ததால் அதோடு போயிற்று. அடுத்தடுத்த வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. இத்தனை பேர் இருந்தும் யாரும் கிட்ட வரவில்லை. அவர்கள் வீட்டுக்குள்ளும் அதே மருந்து இருந்தது.

விருதுநகர் போகும் வழியெல்லாம் ஓவியா அழவில்லை. அதுதான் அழகுமீனாவைப் பயமுறுத்தியது. "அம்மா, கை இருக்கா பாரு. எனக்குத் தெரியல" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இருக்குத்தா, இருக்கு" என்று வேலுத்தாய் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் தங்கப்பாண்டியன் போன் பண்ணினார். ஸ்பீக்கரில்தான் எடுக்க முடிந்தது.

"நீ ஏன் போன? கம்பெனிக் கார்லயா போயிருக்க?" என்றார். பிறகு, "சரி. ஆனது ஆச்சு. கேஸ் அடுப்பு வெடிச்சதுன்னு சொல்லச் சொல்லு. பிள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரியானாலும் நான் பாத்துக்கிறேன். அடுப்புன்னு மட்டும் சொல்லச் சொல்லு."

வேலுத்தாய் பின்சீட்டிலிருந்து, "சொல்லிருறேன் முதலாளி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேட்டியை விலக்கிப் பார்த்தார். சின்ன வயதுக்காரர். கருகிய தோலுக்கு நடுவே வெள்ளிப் பொடி மினுங்கியது.

"எப்படி ஆச்சும்மா?"

"அடுப்பு வெடிச்சிருச்சு சார்."

"அடுப்புல இது எப்படி வரும்? என்ன பட்டுருக்குன்னு தெரிஞ்சாத்தான்மா நான் சரியா கழுவ முடியும். கண்ணுலயும் பட்டிருக்கான்னு பாக்கணும். உண்மையைச் சொல்லுங்க."

வேலுத்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு அழகுமீனாவைப் பார்த்தாள். சொல்லாதே என்று கெஞ்சும் பார்வையா, நீயே சொல்லிவிடு என்று தள்ளும் பார்வையா, அழகுமீனாவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

"பட்டாசு மருந்து சார்" என்றாள். என்னென்ன கலந்தது என்பதையும் சொன்னாள். டாக்டர் உடனே உள்ளே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். வேலுத்தாய் சுவரோரமாக ஒதுங்கினாள். அழகுமீனா அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாரு வீட்டுல மருந்து வெச்சிருந்தது?" என்றார் அவர்.

"வீடு இவங்களது. மருந்து எங்க கம்பெனியோடது. ஆர்டர் எங்களது, லேபிள் எங்களது. மெஷின் நின்ன நாளெல்லாம் வேலையை வெளிய அனுப்புனோம். அந்த மெஷின் திட்டத்துக்குப் பொறுப்பு நான்தான். என் பேரை முதல்ல எழுதுங்க. அழகுமீனா, ஆமத்தூர்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா? உங்க மேலதான் கேஸ் வரும்."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

உண்மையில் அவள் அதிகம் யோசித்திருக்கவில்லை. ஓடி ஓடி ஒரு கதவும் திறக்காமல், கடைசியில் சுவரில் போய் முட்டியது மாதிரிதான் அந்த வார்த்தைகள் வந்தன.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீக?" என்றாள் வேலுத்தாய், போலீஸ்காரர் போனதும். "தெருவுல எல்லாரையும் காட்டிக் குடுத்துட்டீகளே."

"உங்க யார் பேரும் நான் சொல்லலக்கா."

"இப்ப சொல்லல. நாளைக்கு?"

நாளைக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது.

ஆலைக்குச் சீல் வைத்தார்கள். அழகுமீனாவையும் சங்கிலிமுத்துவையும் கைது செய்தார்கள். தங்கப்பாண்டியன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். அவள் மதுரையில் சிறையில் இருந்த நாட்களில் அப்பா கருப்பணன் ஒரு தடவை வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். ஜாமீனில் வெளியே வந்தபோது சீசன் முடிந்திருந்தது. சென்னைக்காரர்கள் வரவே இல்லை. அச்சங்குளத்தில் தோண்டிய அஸ்திவாரக் குழிகளில் ஐப்பசி மழை தேங்கிக் கிடந்தது.

அந்தத் தெருவில் எந்தப் பெண் மேலும் வழக்கு வரவில்லை. அவர்களைச் சாட்சிகளாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தத் தீபாவளிக்கு அவர்களில் யாருக்கும் வேலையும் இல்லை. பெரிய ஆலையே மூடிக் கிடந்ததால் உள்ளே மிச்சம் இருந்தவர்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள். சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா என்று அவள் பெயரைச் சொல்லித் திட்டாத வீடு அங்கே இல்லை. பிறகு, வக்கீல் சொன்ன யோசனையில், ஆலையைத் திறக்க அனுமதி கேட்டபோது தங்கப்பாண்டியன் பழைய பெண்களில் பாதிப் பேரைப் பெயர் பதிந்து வேலைக்கு எடுத்துக்கொண்டார். பழைய அறைகளைத் திறந்தார்கள், அறைக்கு நாலு பேர். ஈரம் இருக்கிற நேரத்தில் மெஷின் ஓடியது. மீதிப் பாதிப் பேர் எங்கே போனார்கள் என்று அழகுமீனாவால் தெரிந்துகொள்ள முடியவில்லை. எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் அவள் பஸ் ஏறி அந்தத் தெருவுக்குப் போனாள். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலுத்தாய் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சீனிச்சாமி திருப்பூரிலிருந்து திரும்பி வந்து, கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓவியா தரையில் உட்கார்ந்திருந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிய வலது கை மடியில் கிடந்தது. இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. காலேஜுக்குத் திரும்பப் போக ஆரம்பித்திருந்தாள்.

"வாங்க மேடம்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு" என்றாள் வேலுத்தாய். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. இரண்டு பேருமே உட்கார்ந்தார்கள்.

வேலுத்தாய் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மருந்து அறைக்குத்தான். பிறகு அவளே சொன்னாள்.

"உங்களைத் திட்டணும்னு எம்புட்டோ நாள் நினைச்சிருக்கேன். திட்ட வாய் வரல. நல்லா இருங்கன்னு சொல்லவும் வாய் வரல."

"நான் ஒண்ணும் எதிர்பாத்து வரலக்கா. பிள்ளையைப் பாக்கணும்னு தோணுச்சு."

"பாத்துக்கங்க."

வெளியே ஆலை வேன் ஹாரன் அடித்தது. வேலுத்தாய் சீப்பை எடுத்து மகளின் பின்னால் குத்தவைத்து, அவசர அவசரமாகத் தலைவாரிப் பின்னினாள். அந்தக் கையால் ஓவியாவுக்குச் சடை பின்ன வராது. வேன் மறுபடி அடித்தது. "வாரேன்லே, பொறு" என்று வேலுத்தாய் தெருவைப் பார்த்துக் கத்தினாள். ரப்பர் பேண்டைப் போட்டு முடித்து, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அழகுமீனா ஓவியாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், வேனின் சத்தம் தெருவைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டி, காதுக்குக் கேட்காமல் போகும் வரை.